பதினாலாவது இடம்

12 பிப்ரவரி 1981, வியாழன்

முதலில் ஒரு திருட்டை எழுதிவிடுகிறேன். கமிட்டிக்காரர்களுக்கு என்று கடம்பூரிலிருந்து வாங்கி வந்த போளியில் ஒன்றை நான் தின்றுவிட்டேன். ஓரத்தை மட்டும்தான் பிய்த்தேன். ஓரம் போன போளியை எப்படித் தட்டில் வைப்பது என்று மீதியையும் தின்றேன். ஆறு பேர் வாராவ என்று ஆறே ஆறு வாங்கியிருக்கிறார் சூப்பிரண்டு சண்முகராஜ் அண்ணாச்சி. ஒன்று கூடுதலாக வாங்கினால் யூனிவர்சிட்டி முங்கியா போயிரும்?

கடைசியாக உட்கார்ந்திருந்தவர் பைனான்ஸ் ஆபீசர். சோடாபுட்டிக் கண்ணாடி. அவருக்கு வெறும் தட்டு. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன். நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்.

டம்ளரைக் கழுவுகிற சாக்கில் கதவோரம் நின்று கேட்டேன். ஒன்பது வருசமாக இந்தப் பருத்திக் கிட்டங்கிக்குள் வாடகைக்கு ஓடுகிறது யூனிவர்சிட்டிப் பிள்ளைகள் படிக்கிற எங்கள் விரிவு மையம். பின்னால் கருத்தையா மாமா இனாமாகக் கொடுத்த நாற்பது ஏக்கர் கரிசல் கிடக்கிறது. அதில் கட்டிடம் கட்டி வளர்ப்பதா, இல்லை இழுத்து மூடிவிட்டுப் பெரிய வளாகத்தோடு சேர்ப்பதா? அதுதான் பேச்சு. ஏப்ரலில் நிலம் பார்க்க வருவார்களாம்.

13 பிப்ரவரி

போளி விசயத்தை வீட்டில் இவரிடம் சொன்னேன். “நீ தின்ன போளிக்கு ஒரு காலேசு போகப்போவுது பாரு” என்றார். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

3 மார்ச், செவ்வாய்

டைரக்டர் அழகிரிசாமி ஐயா கூப்பிட்டார். மேசையில் நீளத் தாள். புது வளாகத்துக்கு எத்தனை வகுப்பறை, எத்தனை வாத்தியார், எந்த வருசம் எவ்வளவு பணம் என்று அவரே ஒரு மாதமாக எழுதிய திட்டம்.

“சீனித்தாயி, இதுல நீ எங்கன இருக்கன்னு கண்டுபிடி பாப்போம்.”

“மொதல்லயா ஐயா? டைரக்டருக்கு மேல?”

சிரித்துவிட்டார். கடைசி வரியில் விரலை வைத்தார். ஐயா கையெழுத்து கோழிக் கிறுக்கல், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ‘14. கடைநிலை ஊழியர் — 1.’

“பேரு இல்லையே ஐயா.”

“பேரு போட மாட்டாங்க. இது இடம். இடம் வந்துட்டா அதுல நீதான். நிரந்தரம், பென்சன், எல்லாம்.”

ஒன்பது வருசம் தினக்கூலி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது, காய்ச்சலுக்குக் கிடையாது. என் மாமியார் செத்த அன்றைக்குக்கூடக் கிடையாது — இவர் கேட்டால் அது ஒன்றுதான் கூலி இல்லாமலே சந்தோசமாக இருந்த நாள் என்பேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம், “இனிமே நான் பதினாலாம் நம்பர், மரியாதையாப் பேசும்” என்றேன். தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கி முக்கிக் கறுத்துப்போன விரலை நீட்டி, “பதினாலாம் நம்பரு, கொஞ்சம் ரசம் ஊத்து” என்றார்.

28 மார்ச், சனி

டைரக்டர் ஐயா திட்டத்தைக் கொடுக்க மெட்ராசுக்குப் போயிருக்கிறார். சண்முகராஜ் அண்ணாச்சிக்கு அந்த நேரம் பார்த்து ஒரு யோசனை.

நாற்பது ஏக்கரும் வெடித்துக் கிடக்கிறது. காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிய பிறகு விழுந்த வெயில். சில வெடிப்பில் முழங்கால் வரைக்கும் போகும். “வர்றவிய இதைப் பார்த்தா பாழ்நிலம்னு எழுதிருவாவ. நிலம் மொழுமொழுன்னு இருக்கணும். அடைச்சிருங்க” என்றார்.

எப்போதும்வென்றான் ஊரில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவள் நான். கரிசலில் வெடிப்பை யாரும் அடைக்க மாட்டார்கள். மழைத்தண்ணி அந்த வாய் வழியாகத்தான் இறங்கும். அடைத்தால் தண்ணி மேலேயே நிற்கும், மண் ஊதி மேலே எழும்பும்.

தெரியும். சொல்லவில்லை.

30 மார்ச், திங்கள்

வரப்பை வெட்டி வெட்டிப் போட்டு அடைக்கிறோம். பன்னிரண்டு பொம்பிளைகள். ரோட்டுப் பக்கத்து ரெண்டு ஏக்கரும், அடிக்கல் நட்ட இடத்தைச் சுற்றியும்.

கருத்தையா மாமா வந்து வேலி ஓரம் நின்றார். “ஏட்டி சீனித்தாயி! என்ன செய்யுத?”

“நிலத்துக்குப் பவுடர் போடுதோம் மாமா. பொண்ணு பாக்க வாராவல்லா.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. “நீயுமாட்டி?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நீயுமா. நானும்தான். மழைக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கே — அவிய வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனா என்ன குறைஞ்சிரும்?

2 ஏப்ரல், வியாழன்

சாயங்காலம் மழை. நல்ல மழை. ரெண்டு மணி நேரம். சித்திரைகூடப் பிறக்கலை, ஏன் இந்த மழை, யாரைக் கேட்டு வந்துது?

4 ஏப்ரல், சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

கமிட்டிக்காரர்கள் வந்த கார் ரெண்டு. முதல் கார் ரோட்டிலிருந்து இறங்கியது, அங்கனயே அச்சு வரைக்கும் புதைந்தது. இறங்கினவர்களின் செருப்பில் ஆளுக்கு ஒரு படி மண். நாங்கள் அடைத்த ரெண்டு ஏக்கரும் குளம் மாதிரி தண்ணி நிற்கிறது. அடைக்காத முப்பத்தெட்டு ஏக்கரும் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கிறது.

அடிக்கல் சாய்ந்திருந்தது. அஞ்சு வருசம் முன்னால் மேளம் வைத்து நட்ட கல். மண் ஊதி, ஒரு பக்கம் தூக்கிவிட்டது. மந்திரி பேர் வானத்தைப் பார்க்கிறது.

இஞ்சினியர் சொன்னார்: “கல்லே நிக்கல. இங்க கட்டிடத்துக்கு ஒதுக்குற பணத்துல பாதி மண்ணுக்குள்ளயே போயிரும்.” பைனான்ஸ் ஆபீசர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருக்கென்று என் காசில் வாங்கி வைத்திருந்த ரெண்டு போளியைக் கொண்டுபோய் நீட்டினேன். “எனக்குச் சர்க்கரை வியாதிம்மா. இனிப்பே தொடறதில்லை” என்றார். அன்றைக்குக்கூடத் தட்டு வெறுமையாக வந்ததும் நிம்மதியாக இருந்ததாம். ரொம்ப நல்ல மனுசன்.

அப்போ காரணம் போளி இல்லை. போளியாக இருந்திருக்கலாம்.

6 ஏப்ரல்

டைரக்டர் ஐயா வந்துவிட்டார். நேராக நிலத்துக்குப் போனார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

“வெடிப்பை அடைச்சா இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

“சண்முகராஜ்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லல?”

என்ன சொல்ல? அடைக்க வேண்டாம் என்று ஒரு தினக்கூலிக்காரி சொல்லி, சூப்பிரண்டு கோபப்பட்டு, நாளைக்கு அந்தக் கடைசி வரிக்கு வேற ஆளை நிப்பாட்டிட்டா? நாற்பது ஏக்கரையும் தின்னுட்டு ஒரு வரியைக் காப்பாத்தப் பார்த்தேன். அதையெல்லாம் சுருக்கி, “பதினாலாம் நம்பர் ஐயா” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

7 ஏப்ரல்

வேலைக்குப் போனேன். கூட்டினேன். வந்தேன்.

21 மே, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ஐயா வாசித்துச் சொன்னார். மையம் ஜூன் முப்பதோடு மூடப்படுகிறது. வாத்தியார்கள், டைப்பிஸ்ட், சூப்பிரண்டு எல்லாருக்கும் பெரிய வளாகத்தில் இடம். தினக்கூலிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. “ஒண்ணும் இல்லைன்னா என்ன அர்த்தம் ஐயா?” என்று கேட்டேன். அவர் தாளை மடித்தார்.

இருபத்திரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் படிக்குதுகள். ஓட்டப்பிடாரத்திலிருந்து, கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து பொழுதோட வீடு திரும்புகிற பிள்ளைகள். பெரிய வளாகத்துக்கு ஆஸ்டலில் தங்கிப் படிக்க எத்தனை பேரை அனுப்புவாவ?

சாப்பிடக் கூப்பிட்டார் இவர். “பதினாலு, வா” என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். அப்படிக் கூப்பிடாதீரும்னு கத்திட்டேன். பாவம், தட்டோட முழிச்சுக்கிட்டு நின்னார்.

10 ஜூன், புதன்

பெஞ்சுகளை லாரியில் ஏற்றினார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளில் நாலு பேர் போகிறார்களாம். ஒருத்திக்குக் கல்யாணம் வைத்தாயிற்று. மீதிப் பேரைப் பற்றி யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

சண்முகராஜ் அண்ணாச்சி எனக்கு அஞ்சு ரூபாய் நீட்டினார். “வேண்டாம் அண்ணாச்சி, அடுத்த தடவை ஒரு போளி கூடுதலா வாங்கிக்கோங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

19 ஜூன்

கருத்தையா மாமாவை பஜாரில் பார்த்தேன். என்னைப் பார்க்காதது போல அந்தப் பக்கம் போய்விட்டார். அல்லது நான்தான் போனேன்.

27 ஜூன்

டைரக்டர் ஐயா கிளம்பிவிட்டார். போன வாரமே திட்டத் தாளை என்னிடம் கொடுத்தார். “வச்சுக்கோ. ஆபீசுக்கு இது வேணாம்.” கடைசி வரியை மட்டும் தினமும் படித்துப் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டாமலே வருகிறது இப்போ.

30 ஜூன், செவ்வாய்

கடைசி நாள். அறைகளைக் கூட்டிப் பூட்டினேன். அஞ்சு மணிக்கு சண்முகராஜ் அண்ணாச்சி வந்து சாவிகளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கே வேலை முடிந்துவிட்டதால் பின்னால் போய் அடிக்கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மழை பெய்த சுவடே இல்லை. நிலம் முழுக்க முன்னைவிட ஆழமாக மறுபடி வெடித்திருக்கிறது, நாங்கள் அடைத்த இடமும்தான். கல் இன்னும் சாய்ந்தே இருந்தது. மந்திரி பேரில் இருந்த தூசியைத் துடைக்க, இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவினேன். அதில் முடிந்து வைத்திருந்த சாவிக்கொத்து விழுந்து வெடிப்புக்குள் போய்விட்டது. ஒன்பது சாவிகள். கையை விட்டேன், எட்டவில்லை. கிட்டங்கிக்குப் போய், வெளியே சாத்தி வைத்திருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து உள்ளே விட்டுத் துழாவினேன். கம்பும் உள்ளே போய்விட்டது.