‘நாம்’ என்றுதான் எழுதியிருந்தேன்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. தம்பி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்ற குறைதான் பெரிய வலி. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன் என்று போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அதனால் கடிதம்.

உன் வாரப் பத்திரிகையில் இத்தனை வருடமாக ‘கறார்’ பகுதி எழுதுகிறேன். என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று திட்டி வந்த கடிதங்களையெல்லாம் நீ ஆசை ஆசையாகப் போட்டாய். நானும் சிரித்துக்கொண்டே படித்தேன். ஆமாம், பழைய பஞ்சாங்கம்தான். ராத்திரியானால் தெரு அடங்க வேண்டும், பெரியவர்கள் நின்றால் சின்னவர்கள் எழுந்து இடம் தர வேண்டும் என்று நினைக்கிறவன். கடைத்தெருவில் விடிய விடிய ஒலிபெருக்கி போடலாம் என்று நகரசபை அனுமதி கொடுத்திருக்கிறது. கேட்டால் முன்னேற்றமாம்! கைக்குழந்தை தூங்க முடியாத வீட்டில் என்னய்யா முன்னேற்றம்? வயிறு எரிந்துதான் எழுதினேன்.

நான் எழுதியது: “நாம் பாடுபட்டு உருவாக்கிய தெரு இது. நாம் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.” நீ அச்சிட்டது: “நாங்கள் பாடுபட்டு உருவாக்கிய தெரு இது. யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.” யாரைக் கேட்டு மாற்றினாய்? நாம் என்றால் படிக்கிறவனும் உள்ளே இருக்கிறான். நாங்கள் என்றால் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாய். பதில் போடு.

உன் அத்தான்

மார்ச் 7

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன்.

கோபப்படாதீர்கள். ஆசிரியர் என்ற முறையில்தான் கை வைத்தேன். நாம் என்றால் பிரசங்கம் மாதிரி இருக்கிறது, நாங்கள் என்றால் சுருக்கென்று தைக்கிறது. அந்த வரியைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கடைகளில் பத்திரிகை தீர்ந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்களைப் பற்றி எல்லோர் மனதிலும் இருந்ததை நீங்கள் போட்டு உடைத்துவிட்டீர்கள் என்கிறார்கள். அடுத்த கட்டுரை இன்னும் காரமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மச்சான்

மார்ச் 10

மச்சானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை. உன் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதையடா நான் போட்டு உடைத்தேன்? ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்டவர்கள் அத்தனை பேரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதில் ஒருவன் என் சொந்தச் சித்தப்பா மகன்!

பக்கத்து வீட்டுத் தையல்காரரை உனக்குத் தெரியும். உன் கல்யாணக் கோட்டைத் தைத்தவர். இங்கே குடிவந்த புதிதில் நம் மொழி அவருக்குச் சரியாக வராது. “சார், நாங்கள் டீ குடிக்கலாமா?” என்று என்னைக் கூப்பிடுவார். “என்னை விட்டுட்டா குடிக்கப் போறீங்க? நாம்னு சொல்லுங்க” என்று கிண்டல் செய்து திருத்தினேன். ஒலிபெருக்கி வேண்டாம் என்ற மனுவில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் அவர்.

நேற்று உன் பத்திரிகையோடு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சார், இதுல நான் இல்லையே.”

“அது அச்சுப் பிழைங்க” என்றேன்.

“இந்த வித்தியாசம் நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க” என்றார். உள்ளே வாங்க என்று எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ மாற்றியதாகச் சொல்லி முதல் பக்கத்தில் திருத்தம் போடு.

அத்தான்

மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு சொல்லுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? முதல் பக்கத்தில் போட்டால் பத்திரிகையின் மானம் போகும். கடைசிப் பக்க மூலையில், ‘சென்ற இதழில் சிறு பிழை நேர்ந்தது’ என்று போட்டிருக்கிறேன். அது போதும்.

இன்னொரு நல்ல செய்தி. முதலாளி உங்கள் வரியைச் சுவரொட்டியாக அடித்திருக்கிறார். கீழே ‘கறார்’ என்று பெரிதாக இருக்கும். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். என்ன இருந்தாலும் நாம் ஒரே குடும்பம்.

அன்புடன்,
உங்கள் மச்சான்

மார்ச் 18

ஆசிரியருக்கு,

உன் சுவரொட்டியைப் பார்த்தேன். தையல்கடை ஷட்டரில், பூட்டையே மறைத்து ஒட்டியிருந்தார்கள். நான் ஒரு பிரஷ்ஷோடு சுரண்ட ஆரம்பித்தேன். உன் அக்கா அந்த முழங்காலோடு வாளித் தண்ணீர் தூக்கி வந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. தையல்காரரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உன் அக்கா கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

“பசை காயறதுக்குள்ள நாம முடிச்சிடலாம், சார்” என்றார்.

என் கருத்து எதுவும் மாறவில்லை. ஒலிபெருக்கி கூடாது. நகரசபை செய்தது அயோக்கியத்தனம். செவ்வாய்க்கிழமை அந்த மனுவோடு நானும் தையல்காரரும்தான் போகிறோம். ஒழுங்கைக் காப்பாற்று என்று எழுதிக் கொடுத்தால், அதை வைத்து ஆளை விரட்டக் கிளம்பிவிட்டாயே, வெட்கமாக இல்லையா? இனி உன் பத்திரிகையில் ‘கறார்’ வராது.

நாம் ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தாய். அதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கடிதத்தில் எல்லோரும் பழக்கத்தில் எழுதுகிற ஒரு வார்த்தை உண்டு. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை அர்த்தம் தெரிந்தே எழுதுகிறேன்.

நாங்கள் நலம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவர்