நீ காயவைத்த பாளங்கள்

தேங்காய்த் தண்ணீரை மூடாமல் வைத்துவிட்டேன் போலிருக்கிறது, காலையில் சமையலறை முழுக்கப் புளித்த வாடை. உடனே உன் முகம்தான் வந்தது. நீ போய் ஒரு மாதமாகிறது. தங்கமான மனசு என்று எல்லோரும் உன்னைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளில் அடையாற்றில் நாம் இருவரும் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். ராஜா அண்ணாமலைபுரத்துக் கல்யாண மண்டபங்களில் உடைக்கிற தேங்காயின் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கி, பஸ்ஸில் சுமந்து வந்தவள் நான். அதைத் தட்டுகளில் ஊற்றி பாக்டீரியாவை விட்டால், பத்துப் பன்னிரண்டு நாளில் வழுக்கைத் தேங்காய் போல மேலே வெள்ளைப் பாளம் கட்டும். சுத்தமான செல்லுலோஸ். காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, காரம் போகும்வரை அலசி அலசி என் விரல் தோல் உரிந்துபோனது. நொதி போட்டு அதைச் சர்க்கரையாக்க வேண்டும். அந்தச் சர்க்கரையிலிருந்து வண்டி ஓட்டும் எரிசாராயம் வரும் என்று காட்ட வேண்டும். காட்டினால்தான் எனக்கு உதவித்தொகை நீளும், பிஎச்.டி. முடியும்.

ஒருமுறை காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று இறுகிவிடும், நொதி உள்ளே நுழையாது. அண்ணன் கல்யாணத்துக்கு லீவு போட்டபோது, "தண்ணியிலயே கெடக்கட்டும், தொடாதடி" என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தால் எல்லாம் அப்பளமாகக் கிடந்தன. எடை போட வசதி என்று மொட்டை மாடியில் வேட்டி விரித்து, உங்கள் வீட்டு வடாம் மாதிரி வெயிலில் போட்டிருக்கிறாய். திரும்ப ஊறவைத்து நொதி போட்டேன். சர்க்கரை பேருக்குத்தான் வந்தது.

"சார்ட்ட நானே சொல்லிடறேன்டி. திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ" என்று அழுதாய். மாடியில் உன்னைப் பார்த்த அட்டெண்டர், "அவங்க காய வெச்சதுக்கு நீங்க இன்னாத்துக்கு மேடம் வாய மூடிக்கினு கீறீங்க? நான் சொல்றேன்" என்றார். நான்தான் தடுத்தேன். புத்தி கெட்டவள்.

திங்கட்கிழமை கைடு நம் இருவரையும் கூப்பிட்டு, யார் காயவைத்தது என்று கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல சார். தட்டெல்லாம் அவதான் பாத்துப்பா" என்றாய். அதன்பிறகு நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அட்டெண்டர் வந்து சொன்னதையும், நான் சொல்லிக்கொடுத்தது என்றார். என் உதவித்தொகை நின்றது.

நீ துறைத்தலைவி வரை போனாய். நான் தி.நகரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். எங்காவது கல்யாணத்தில் பார்த்தால் "எப்படிடி இருக்கே?" என்பாய். இந்தத் தடவையாவது சொல்லிவிடுவாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். நீ சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டுப் போவாய்.

உன் இரங்கல் கூட்டத்தில் பேசச் சொல்லி உன் கணவர் போன் செய்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சார் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது, அட்டெண்டரும் இல்லை. மிச்சமிருந்தவள் நீதான். அந்தப் பாளங்களை நான் காயவைக்கவில்லை என்று அறிந்தவள் இனி நான் ஒருத்திதான்.