உன் பேத்தி திரும்பிய கதை

அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? நானும் பேத்தியும் நன்றாக இருக்கிறோம். ஆபீசில் மூன்று மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். போனில் 'சுகப்பிரசவம்' என்று மட்டும் சொன்னேன். மீதியைப் பயப்படாமல் படி.

குழந்தையின் தலை கீழேதான் இருந்தது. ஆனால் முகம் என் முதுகுப் பக்கம் திரும்பாமல் வயிற்றுப் பக்கம் பார்த்திருந்ததால் வலி முழுக்க என் முதுகில். திரும்பாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். பிரசவம் பார்த்த தமிழ் நர்ஸ் அக்கா என்னைக் கட்டிலிலிருந்து இறக்கி, தரையில் கையும் முழங்காலும் ஊன்றி நிற்க வைத்தார். ஐந்து மணி நேரம், ஒவ்வொரு வலிக்கும் என் இடுப்பை அழுத்திப் பிடித்தார். உன் மாப்பிள்ளை சுவரோடு சுவராக நின்றார்.

அந்தக் கோலத்தில் எனக்கு உன் குரல்தான் கேட்டது: "மூலையெல்லாம் அப்படியே இருக்கு, என்னடி தரை துடைக்கிற?" சிரித்துவிட்டேன்.

"இந்த வலியில சிரிக்கிற ஆளை இப்பதான்மா பாக்குறேன்" என்றார் அக்கா. கொஞ்ச நேரத்தில் குழந்தை திரும்பிவிட்டாள். மறுநாள் நன்றி சொல்ல அக்காவின் கையைப் பிடித்தேன், மணிக்கட்டு வீங்கியிருந்தது.

குளிப்பாட்டும்போது தலையை எப்படித் தாங்குவது என்று எழுது. உன் பழைய நூல்புடவை இரண்டு அனுப்பு, புதிது வேண்டாம். விசா வந்ததும் புறப்படு. இங்கே மூலையெல்லாம் அப்படியே இருக்கிறது.

அழுகிறாள், ஓடுகிறேன்.

உன் மகள்