மக்னோலியாக் கிளையில் ஒரு பொத்தான்

அன்பு மகள் ருமியானாவுக்கு, வ்ராத்சாவிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ஸ்தாமென்கா எழுதுவது. நான் சுகம், ஆடுகள் சுகம், முழங்கால்தான் பேச்சைக் கேட்பதில்லை. நீ நார்வேயில் சுகமாக இருக்கிறாய் என்றுதான் போன வாரம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கண்ணைக் காட்ட சோஃபியா போனோம். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது, அந்தப் பழைய தாவரவியல் தோட்டத்தில் போய் உட்காரலாம், கண்ணாடி வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும் என்றாள் ஸ்தாமென்கா. சின்னதில் நீ கள்ளியைத் தொட்டுவிட்டு அம்மா மடியில் விழுந்து அழுதாயே, அதே தோட்டம். மக்னோலியா பூத்து நிற்கிறது, கிளையெல்லாம் சனங்கள் மார்ச் முதல் தேதி கையில் கட்டி, நாரையையோ பூத்த மரத்தையோ கண்டதும் அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போன சிவப்பு வெள்ளை மார்ச் கயிறு. பூத்த மரத்தைப் பார்த்தாயிற்று, நம்முடையதையும் அவிழ்த்துக் கட்டிவிடலாம் என்று கையைத் தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவின் பழுப்புக் கோட்டுப் பொத்தான், ஒரு ஓட்டை பிய்ந்தது, அங்கே தொங்குகிறது. நான் முறுக்கி உனக்குத் தபாலில் அனுப்பின கயிறு. அண்ணே, கண்ணுல மருந்து விட்டிருக்கு, இன்னைக்கு எந்தப் பொத்தானும் உங்க வீட்டுப் பொத்தானாத்தான் தெரியும் என்று சிரித்தாள் இவள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன் மகளே, விரலுக்குமா மருந்து விட்டார்கள். ஒரே கயிற்றை இரண்டாக வெட்டியிருக்கிறாய். ஒரு பாதி உன் கை அளவு. பொத்தான் கோத்த மறு பாதியில் என் இரண்டு விரல்தான் நுழைந்தது.

டிக்கெட் கொடுக்கிறவளிடம் போய், இதைக் கட்டினவளைப் பார்த்தாயா என்று கேட்டோம். ஆமா தாத்தா, ஞாயித்துக்கிழமை வந்தா, கழுத்துல மச்சம், இடுப்புல ஒரு பொட்டப்புள்ள, அம்மா அம்மான்னு ஒரே ரகளை, கிளைய வளைச்சு அது கையாலயே கட்ட வச்சா, அந்தப் புள்ளைக்கு உங்க மூக்குதான் போங்க என்றாள். திரும்பவும் மரத்தடிக்குப் போய் அந்தச் சின்னக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாய். கல்யாணம் இல்லாமல் பிள்ளையா என்று அப்பா கத்துவார் என்று பயந்தாயா? கத்தியிருப்பேன்தான். கத்தி முடித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கியிருப்பேன். உனக்கு என்னைத் தெரியாதா?

நம் பிளம் மரமும் பூத்துவிட்டது, நாரையும் வந்து கம்பத்தில் கூடு கட்டுகிறது. என் கயிற்றை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. மே மாசம் வரப்போகுது, ஊரே சிரிக்குது, இதையும் எழுதுறேன் என்கிறாள் இவள். எழுதட்டும். நீ பிள்ளையோடு படியேறி வருகிற அன்றைக்குத்தான் இந்தக் கயிறு என் கையை விட்டு இறங்கும்.

அங்கே குளிர் அதிகம், பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடு. உனக்கும், பேர் தெரியாத அந்தச் சின்னக் கைக்கும் என் ஆசீர்வாதம். பேரை மட்டுமாவது உடனே எழுது.

உன் அப்பா
வெல்கோ, கைநாட்டு