டொரன்டோவில் நடந்த கல்யாணம்

அன்புள்ள அக்கா,

இன்று டியூட்டி முடிந்து வரும்போது லிஃப்டில் யாரோ கோடாலித் தைலம் பூசிக்கொண்டு நின்றார்கள். என் மாடியில் இறங்க மறந்து மேலே போய்விட்டேன். பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, முழங்காலில் அதைத் தேய்த்தபடி நீங்கள் செபமாலை சொல்லும் நேரத்து மணம் அது.

குவைத்தில், ஃபர்வானியாவின் அந்த ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நீங்கள், வவுனியாச் சைவக்காரி நான், புத்தளத்து ரஹ்மா. வெள்ளிக்கிழமை உங்கள் செபக்கூட்டத்துப் பெண்கள் வந்தால், நானும் ரஹ்மாவும் சமையலறைக்குள் ஒதுங்கித் தேத்தண்ணீர் போடுவோம்.

உங்கள் ஒரே மகன் டொரன்டோவிலிருந்து தனக்குக் கல்யாணம் என்று சொன்னபோது, "பெட்டை எந்த ஊர்?" என்று ஆசையாகக் கேட்டீர்கள். போனை வைத்துவிட்டு, "பெட்டை இல்லையாம், பிள்ளை. பெடியனாம். சைவப் பெடியன்" என்றீர்கள். ஆணும் ஆணும் மணக்கலாம் என்று கனடாவில் சட்டம் வந்திருந்த காலம். அந்தச் செய்தியை டிவியில் பார்த்து நாங்கள் மூவரும் சிரித்திருக்கிறோம், நீங்களும்தான்.

பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை நீங்கள். கடைசியில் செபக்கூட்டத்தை நடத்திய தூத்துக்குடிக்காரியிடம் சொன்னீர்கள்.

"உங்க பையனைப் பிசாசு பிடிச்சிருக்கு சிஸ்டர். கல்யாணம் நின்னுபோகணும்னு உபவாசம் இருந்து ஜெபிக்கலாம்" என்றார் அவர்.

"நிக்க வேண்டாம். அவன் சந்தோசமா இருக்கோணும் எண்டு செபியுங்கோ."

அடுத்த வெள்ளி ஒருவரும் வரவில்லை. கூட்டம் வேறு ஃபிளாட்டுக்குப் போயிருந்தது. உங்களிடம் சொல்லக்கூட இல்லை. விரித்த பாயை நீங்களே சுருட்டினீர்கள்.

அன்று ரஹ்மாதான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கட மார்க்கத்துல இது ஹராம்தான் அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணத்தண்டு உம்மாட குரலக் கேக்காம அந்தப் புள்ள என்ன செய்யும்?" என்று தன் போன் கார்டை உங்கள் கையில் வைத்தாள்.

நான் தேத்தண்ணீர் போட எழுந்துபோனேன். எங்கள் சைவ ஆட்கள் சத்தம் போட மாட்டார்கள்; அப்படியொரு பிள்ளை இருப்பதையே பேசாமல் விட்டுவிடுவார்கள். அந்த மற்றப் பெடியனின் வீட்டாரும் அதைத்தான் செய்தார்கள்.

கல்யாண நாளில் பால்கனியில் நின்று பேசினீர்கள். மகனிடம் "சாப்பிட்டியா அப்பு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "மற்றத் தம்பியிட்டக் குடு" என்றீர்கள். அவனிடம், "இவனுக்கு மீன் முள்ளு எடுக்கத் தெரியாது தம்பி. பாத்துக் குடும்" என்றீர்கள்.

அவர்களைப் பார்க்கப் போக விசா கிடைக்கவில்லை. மறுபடி கேட்பதற்குள் வயிற்றில் கட்டி வந்துவிட்டது. உங்கள் உடல் ஊருக்குப் போனபோது, மகனைத் தனியே வரச் சொன்னார்கள் உறவினர்கள். அவன் தனியே வந்து மண் போட்டுவிட்டுப் போனான்.

போன மாதம் அந்தத் தூத்துக்குடிக்காரி கடையில் என்னைப் பிடித்து நிறுத்தினார். "எங்க அக்கா மகனும் அப்படித்தானாம். வீட்டைவிட்டு விரட்டிட்டாங்க. அது பாவக் காரியம்னுதான் இப்பவும் நினைக்கிறேன், ஆனா அவன் எங்க புள்ளைல்லா! அந்த சிஸ்டர் மகன் நம்பர் இருக்கா? இவன் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும்" என்று அழுதார். எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் சுருட்டிய பாய்தான் கண்ணில் நின்றது. ஆனாலும் உங்கள் மகனுக்குப் போன் எடுத்தேன்.

"நம்பரைக் குடுங்கோ அன்ரி, நான் கதைக்கிறன்" என்றான் உடனே. பிறகு தயங்கி, "அம்மா கடைசியில எங்களப் பற்றி ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸ், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதைச் சொன்னேன். "ரெண்டு பெடியள். ரெண்டு பேரும் கனடாவில" என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன்.

தூரத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டான். "இவரும் கேக்கட்டும். இன்னொருக்காச் சொல்லுங்கோ அன்ரி."

சொன்னேன், அக்கா. அவர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்வதற்கு அதை வைத்திருக்கிறேன்.