தரையோடு நிற்கும் புகை

புதன்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

கொழுந்தன் எழுதுகிறேன். அண்ணன் எழுத வேண்டியதை இவன் ஏன் எழுதுகிறான் என்று பயப்பட வேண்டாம், கீழே சொல்கிறேன். உங்கள் போனை அந்த வீட்டார் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். உங்களை அங்கே அனுப்பிய ஏஜென்சி அக்கா சொன்னார். உங்களை வேலைக்கு எடுத்தார்களா, அடகுக்கு எடுத்தார்களா? கடிதம் கொடுத்தால் அங்கே வேலைக்கு வருகிற பெண்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

பிறந்தநாள் அலங்கார வேலையில் எங்களுக்கு இது மந்திரவாதி மாதம். ஒரு பெரிய வீட்டுப் பையனுக்குச் சனிக்கிழமை ஏழாவது பிறந்தநாள். முப்பத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஆளுக்கொரு கூம்புத் தொப்பி, ஆளுக்கொரு மந்திரக்கோல். காகிதத்தை இறுக்கிச் சுருட்டி, மேலே சூடான பசையை வரிவரியாக விட்டுப் பழுப்பு பெயின்ட் அடித்தால் மரக்கோல் தோற்றுவிடும். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் நாற்பது செய்தார். அழைப்பிதழையெல்லாம் டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து ஓரத்தைக் கருக்கினோம். "புதுசை வாங்கிப் பழசாக்கச் சொல்றாங்கடா. நமக்கெல்லாம் அது தானா ஆயிடுது" என்று சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டினார்.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் பர்ஃபெக்ட். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். பிறந்தநாள் வீட்டம்மா முகம் சுளித்தால் மட்டும் அது அசிங்கமாகிவிடும். வீட்டம்மாவுக்குப் புகை வேண்டும். விருந்து நடப்பது வீட்டுக்கு அடியில் இருக்கும் சினிமா அறையில். ஜன்னல் கிடையாது, கூரையோரம் ஒரு காற்றுத் துவாரம், மாடிப்படிக்கு ஒரு கதவு, அவ்வளவுதான். நடுவில் கறுப்புத் துணி மூடிய மேசை, மேலே அடியில்லாத கொப்பரை. மேசைக்குள்ளே ஓர் ஆள் குந்திக்கொண்டு, வாளி வெந்நீரில் டிரை ஐஸ் துண்டுகளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது தண்ணீராகாது, அப்படியே புகையாகிவிடும். கொப்பரை வழியாக வழிந்து தரையில் படரும். பிள்ளைகள் முழங்காலளவு புகையில் நடந்து வர வேண்டுமாம். மேசைக்குள் உட்கார்ந்தது அண்ணன்.

நேற்று ஒத்திகையில் அவருக்குக் கொஞ்சம் மயக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நல்ல இடம்தான், ஏசி இருக்கிறது. சாப்பாட்டுக்கும் குறையில்லை, குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அந்த வீட்டு மூன்று பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலியை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக் கொழுந்தன்


திங்கட்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் குடித்துவிட்டு வேலையில் விழுந்துவிட்டார் என்று உங்கள் முதலாளியம்மாவுக்கு யாரோ போன் செய்து சொன்னார்களாம். நீங்கள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று ஏஜென்சி அக்கா நேற்று சொன்னார். அந்த 'யாரோ' பர்ஃபெக்ட்தான். அண்ணி, அண்ணன் குடிக்கவில்லை. உங்களிடம் சத்தியம் செய்த நாளிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. போன கடிதத்தில் நான் மறைத்ததை எல்லாம் இதில் எழுதிவிடுகிறேன்.

ஒத்திகையன்று புகை சரியாக நிற்கவில்லை. துவாரத்திலிருந்த ஃபேன் கலைத்துக்கொண்டே இருந்தது. "படத்துல மேகம் மாதிரி தெரியணும், இங்க பீடி பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார் வீட்டம்மா. ஃபேனை நிறுத்தச் சொன்னார் பர்ஃபெக்ட். அதன் பிறகும் கதவிடுக்கு வழியாகப் போனது. துவாரத்தின் மேல் டேப் ஒட்டினேன். கதவின் அடியில் ஈரத்துணியைத் திணித்தேன். யாரும் சொல்லவில்லை, நானே செய்தேன். புகை பால் மாதிரி தரையோடு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் மேசைக்குள்ளிருந்து, "தம்பி, மூச்சு முட்டுதுடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

வாசல் விளக்கைப் பார்க்க எல்லோரையும் மேலே கூப்பிட்டார் பர்ஃபெக்ட். நாங்கள் போய் வரக் கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்து துணியைத் தூக்கினால் அண்ணன் வாளிமேல் சாய்ந்து கிடக்கிறார். அந்தப் புகை காற்றைவிடக் கனமாம், கீழே தங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடுமாம். டாக்டர் சொல்லித்தான் தெரியும். டிரை ஐஸ் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் இங்கிலீஷில் இருந்ததாம். ஆறு வருஷமாக அந்தப் பெட்டியைத் தூக்குகிறோம். எங்களுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

வியாழக்கிழமை பர்ஃபெக்ட் ஆஸ்பத்திரிக்கே ஒரு காகிதத்தோடு வந்தார். குடிபோதையில் விழுந்ததாக எழுதியிருந்தது. "இதுல கையெழுத்துப் போடு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா, டேப் ஒட்டினது யாருன்னு கேப்பாங்க. நல்லா யோசிச்சுக்கோ தம்பி" என்று தோளில் கை போட்டார். போட்டுவிட்டேன் அண்ணி. யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை அதே அறையில், அதே புகையோடு விருந்து. கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. குடிகாரன் விழுந்தான் என்றாகிவிட்டால் அறையை யார் பார்க்கப் போகிறார்கள்? அண்ணன் குந்தியிருந்த உயரம்தான் அந்தப் பிள்ளைகளின் உயரம். பர்ஃபெக்டிடம் சொன்னேன், முறைத்தார். வீட்டம்மாவிடம் சொன்னேன். "டிரையல்ல நல்லா இருந்துச்சேப்பா" என்றார். அந்த டிரையலில்தான் ஓர் ஆள் மூச்சடைத்து விழுந்தான் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. நான் சொன்னபோது, "குடிச்சிருந்தார்னு சொன்னாங்களே" என்றார். அதன் கீழே என் கையெழுத்து.

பிள்ளைகள் வரும் நேரத்தில் டேப்பைப் பிய்த்தேன். ஃபேனைப் போட்டேன். கதவை அகலத் திறந்து, நாற்காலியை அண்டக் கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஃபேன் தள்ளத் தள்ளப் புகை படியேறி ஓடியது. பிள்ளைகள் தொப்பியோடு கத்திக்கொண்டு அதன் பின்னால் தோட்டத்துக்கு ஓடினார்கள். போட்டோவில் புகையே இல்லை என்று வீட்டம்மா அழுதேவிட்டார். பர்ஃபெக்ட் என்னைத் தெருவுக்கு இழுத்து வந்து, "முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தனுக்காவது தலை சுத்துச்சா? அப்ப உங்கண்ணனுக்கு மட்டும் எப்படிடா ஆச்சு?" என்றார். வேலை போய்விட்டது. சாட்சியும் போய்விட்டது.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தக் காகிதம் பொய், டேப் ஒட்டியவன் நான்தான், ஃபேனை நிறுத்தச் சொன்னவர் அவர் என்று எழுதிக் கொடுத்தேன். படித்த ஏட்டய்யா, "உனக்கு நீயே ஏன்டா குழி தோண்டுற?" என்று கேட்டார். நாளைக்கு மாற்றுத்துணியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியாது. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் இரண்டு நாள் அண்ணனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை, மெஷின்தான் மூச்சு விடுகிறது. டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார். மனைவி கையெழுத்து வேண்டுமாம், தம்பி போட்டால் செல்லாதாம். செல்லும் என்றாலும் நான் போட மாட்டேன். நீங்கள் வரும்வரை எந்த மெஷினிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த வீட்டில் காலைப் பிடித்தாவது விடுப்புக் கேளுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வந்து திட்டுங்கள். அண்ணன் கை இப்போதும் சூடாகத்தான் இருக்கிறது அண்ணி. பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்