பூட்டின் நாக்கில் குங்குமம்

அத்தை,

இந்த மடலை எழுதும் விரலில் உங்கள் குங்குமம் ஒட்டியிருக்கிறது. சாமி அறைத் தகர டப்பாவில் நீங்கள் மிச்சம் வைத்துப்போனதுதான். மூடியைத் திறந்ததும் கற்பூர வாசனையும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பதுதானே உங்கள் வழக்கம். அதில் ஒரு சிட்டிகை எடுத்து, எண்ணெய் விட்டுக் குழைத்து, வாசல் கதவுப் பூட்டின் நாக்கில் தடவினேன். நீங்கள் இருந்தபோது, கடைசியில் அந்தக் கதவுப் பக்கம் குங்குமத்தையே வர விடாதவள் நான். பக்தி முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். பூட்டு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் தடவினேன்.

அந்தப் பூட்டு இந்த வீட்டுக்கு வந்ததே என்னால். உங்கள் மகன் கம்போங் ராஜா ஊரில் காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிறவர். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் வாத்தியார். வாரத்தில் ஒருமுறையாவது சாவியைத் தொலைத்துவிட்டு வருவேன். எண்களை அழுத்தினாலோ விரல் ரேகை வைத்தாலோ திறக்கும் பூட்டு என்று ஆன்லைனில் பார்த்ததும் வாங்கிவிட்டேன். தேயிலைக் கொழுந்து பறித்துத் தேய்ந்த உங்கள் விரல் ரேகையை அது ஏற்கவில்லை. நீங்கள் கவலைப்படவில்லை. எண்களை ஒரே சாயங்காலத்தில் பாடம் செய்துகொண்டு, "இது என்னாம்மா, போன் பண்ற மாதிரிதானே லா" என்றீர்கள்.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ரிங்லெட் ஊரில் உள்ள இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும் உங்கள் வெள்ளிக்கிழமை மாறவில்லை. வாசலைக் கழுவி, நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைப்பீர்கள். நிலையில் பூட்டின் நாக்கு நுழைவதற்கு ஓர் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி ஓர் இரும்புத் தகடு. அந்தத் தகட்டையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. அதுவும் நிலைதானே என்று மஞ்சள், மூன்று பொட்டு.

சில மாதங்களில் பூட்டு முனக ஆரம்பித்தது. எண்ணை அழுத்தினால் உள்ளே மோட்டார் ம்ம்ம் என்று இழுக்கும், சிவப்பு விளக்கு எரியும், கதவு திறக்காது. நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். "பூட்டு மொனகுதும்மா. அதுக்கு ஏதோ பாரமா இருக்கு."

பாரம் என்ற அந்த வார்த்தையைக் காதில் வாங்கியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும். நான் குனிந்து ஓட்டையைப் பார்த்தேன். விளிம்பில் காய்ந்த மஞ்சள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எனக்கு அது போதும். வகுப்பறையிலும் நான் அப்படித்தான், முதலில் ஆளைப் பிடித்துவிட்டு அப்புறம்தான் என்ன நடந்தது என்று விசாரிப்பேன்.

"யாரு வேல இது?" என்று கேட்டேன். வீட்டில் இருந்ததே நாம் இரண்டு பேர்.

"நான்தாம்மா. வெள்ளிக்கெழமயாச்சேன்னு..."

"மஞ்சள் உள்ள போயி மெஷின அடைச்சிடுச்சு அத்தை. என்ன வெல தெரியுமா? இனிமே இந்தப் பக்கம் பூசாதீங்க."

நீங்கள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வந்து, ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்தீர்கள். அடுத்த வெள்ளியிலிருந்து வாசல் நிலையை வெறும் தண்ணீரால் துடைத்துவிட்டு, பின்கதவு நிலைக்கு மட்டும் பொட்டு வைத்தீர்கள். மகாலட்சுமி கோழிக்கூட்டு வழியாக வரட்டும் என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்த வாரம் முழுக்க வெயில். பூட்டு ஒழுங்காக வேலை செய்தது. பார்த்தீர்களா என்று இரண்டு நாள் சொல்லிக் காட்டினேன்.

மழை திரும்பியதும் முனகலும் திரும்பியது. எனக்குத் தெரியாமல் பூசுகிறீர்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தப் பிற்பகல் நினைவிருக்கிறதா? பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி இழுத்துவிட்டது. நான் வந்தபோது நீங்கள் வாசலில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் கடைக்குப் போய்வந்த பை. சாரலில் சேலைக் கரை நனைந்து, காலோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டது இதுதான்: "இன்னைக்கும் மஞ்சளா?"

நீங்கள் எழுந்து இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்தீர்கள். "பாரும்மா. நான் ஒன்னும் பண்ணலம்மா."

நான் கையைப் பார்க்காமல் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். கதவு திறந்தது. "திறக்குதே" என்றேன். அதற்குப் பிறகு, நான் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் நீங்கள் வெளியே போனீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக்கூட, "நீ வந்துடும்மா, அப்பறமா போலாம்" என்று காத்திருந்தீர்கள். வயதாகிறது, குளிருக்குப் பயப்படுகிறீர்கள் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலி. அதற்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இரவில் கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டில் வருவதில்லை, அந்தக் கவிழ்த்த கூடைதான் வருகிறது.

கருமாதிக்கு எஸ்டேட்டிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். மழை. ஆள் ஆளுக்குக் கதவைத் திறக்க, பூட்டு முனகிக்கொண்டே இருந்தது. உங்கள் மகன் அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தார். "எங்கம்மா பூட்டுக்கே மஞ்ச பூசுன ஆளு. அதான் இன்னும் மொனகுது" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

இன்று காலை வெயில் அடித்தது. கதவின் உட்பக்கம் வரிசையாகக் கொக்கிகள் திருகி வைத்திருந்தேனே, அவற்றில் தொங்கிய மழைக்கோட்டு, குளிர்ச்சட்டை, என் பள்ளிப் பை எல்லாவற்றையும் எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வரும்போது ஒரு கையில் பயிற்சிப் புத்தகக் கட்டு. இன்னொரு கை விரலால் எண்ணை மட்டும் அழுத்தினேன். கிளிக். முனகல் இல்லை, இழுப்பு இல்லை. உள்ளே வந்து கட்டை இறக்கி வைத்ததும், ஏதோ உறைத்தது. துவைத்து இன்னும் ஈரம் காயாத கோட்டுகளைக் கொண்டுவந்து கொக்கிகளில் மாட்டினேன். கதவை மூடி அழுத்தினேன். ம்ம்ம். எடுத்தேன், கிளிக். மாட்டினேன், ம்ம்ம்.

கொக்கி வைக்க வேண்டாம் என்று அப்போதே சொன்னீர்கள். "கதவுல போயி எதுக்கும்மா?" நான்தான் கேட்கவில்லை.

அப்போதுதான் குங்குமத்தை எடுத்தேன். நாக்கில் தடவி, கோட்டுகளை மாட்டிக் கதவை மூடிப் பூட்டித் திறந்தேன். தகட்டின் கீழ் விளிம்பில் சிவப்பாகக் கோடு. நனைந்த கோட்டுகளின் பாரத்தில் கதவு தொங்கி, நாக்கு ஓட்டைக்குள் நேராகப் போகாமல் கீழே இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மேல் கீலைப் பார்த்தால் திருகாணிகள் விரலால் சுற்றினாலே சுற்றுகின்றன. ஓட்டைகளில் பல்குத்தும் குச்சிகளை ஒடித்துத் திணித்து, திருகாணிகளை இறுக்கினேன். கொக்கிகளைக் கழற்றிச் சுவரில் பொருத்தினேன். ஓட்டைக்குள் விரல்விட்டுப் பார்த்தேன், அத்தை. ஒரு துளி மஞ்சள் இல்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தீர்கள்.

சாரலில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்த அன்று கதவு எனக்கு மட்டும் ஏன் திறந்தது என்பதும் இப்போதுதான் புரிந்தது. நான் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துத்தான் திறந்திருக்கிறேன். தினமும் செய்து கை பழகிவிட்டது. உங்களுக்குச் சொல்லித்தரத் தோன்றவில்லை. செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாதே.

சாயங்காலம் உங்கள் மகன் வந்தார். தகட்டில் இருந்த சிவப்பைப் பார்த்தார்.

"யாரு வேல இது?"

"நான்தான்."

"அம்மா மாதிரியே ஆயிட்டியா?" என்று சிரித்தார்.

"குங்குமம் மட்டும் இல்லங்க. பூட்டு மொனகுனதே என்னாலதான். என் கோட்டு, என் பை, என் கொக்கி. அத்தை மேல சும்மா பழி போட்டுட்டேன்." கூடையில் நீங்கள் உட்கார்ந்திருந்த பிற்பகலையும் சொன்னேன். அதை நீங்கள் அவரிடம் சொல்லவேயில்லை என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பூட்டை இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்தார். திட்டுவார் என்று நான் நினைத்தபோது, மெதுவாகக் கேட்டார்: "அம்மாகிட்ட சொன்னியா?"

சாமி அறையில் உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். வாய் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்கிறவளுக்கு, ஒரு வார்த்தை வரவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. வாசல் நிலைக்கு மஞ்சள் பூசுவேன், தகட்டையும் சேர்த்து. மூன்று பொட்டும் உண்டு. பூட்டு இப்போது தானாகத் திறக்கிறது, என் கைதான் இன்னும் கைப்பிடியைத் தூக்குகிறது. தூக்கும் ஒவ்வொரு முறையும் விரித்த உங்கள் இரண்டு உள்ளங்கையும் என் முன்னால் இருக்கின்றன. அன்று நான் பார்க்காமல் விட்டதை இனிமேல் தினமும் பார்த்துத்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

வாயில் வராததால் எழுதுகிறேன். நீங்க ஒன்னும் பண்ணல, அத்தை.